உண்டியலும் மின்னஞ்சலும்: இணையத்தின் சாவி யார் கையில்?

காரைக்குடிப் பக்கம் நாற்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் கம்ப்யூட்டரைப் பற்றிப் பேச ஆரம்பித்தால், கொஞ்ச நேரத்தில் பேச்சு "அந்தக் காலத்து நெட்டு மாதிரி வருமா" என்பதில் வந்து நிற்கும். பக்கத்தில் இருக்கும் இருபது வயதுப் பிள்ளைக்குச் சிரிப்பு வரும். ஒரு படம் திறக்கவே இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்ட இணையத்தில் அப்படி என்னதான் இருந்தது? நியாயமான கேள்வி. பழசு என்பதாலேயே நல்லது என்று சொல்லிவிட்டுப் போனால் அது பதிலாகாது.

என் கணிப்பில், பழைய இணையத்தில் இருந்த ஒரு வசதி இன்று குறைந்துவிட்டது. பிடிக்காத இடத்தை விட்டு, நம் ஆட்களையும் நாம் சேர்த்து வைத்ததையும் இழக்காமல் கிளம்பிப் போகிற வசதி. அது எப்படிக் குறைந்தது, குறைந்ததும் கம்பெனிகள் கையிலும் அரசாங்கங்கள் கையிலும் எப்படி அதிகாரம் குவிந்தது என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன். வாட்ஸாப் அனுப்பத் தெரிந்தவருக்கு இது புரிந்துவிடும்.

மோடம் கத்திய காலம்

இந்தியாவில் பொதுமக்களுக்கு இணையம் வந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று, விஎஸ்என்எல் என்ற அரசு நிறுவனத்தின் வழியாக. முதலில் பெருநகரங்களுக்குத்தான். 1998 நவம்பரில் தனியாருக்கும் அனுமதி கொடுத்த பிறகு மெல்ல மெல்லச் சின்ன ஊர்களுக்கும் வந்தது. அழகப்பா பல்கலைக்கழகம், பொறியியல் கல்லூரி, சிக்ரி என்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் என்று படித்தவர்கள் நிறைந்த ஊர் என்பதால் காரைக்குடியில் பிரவுசிங் சென்டர்களுக்குக் குறைவில்லை. ப்ளைவுட் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். வாசலில் ஒரு நோட்டில் பெயரும் உள்ளே போன நேரமும் எழுத வேண்டும். போன் லைன் வழியாகக் கம்ப்யூட்டரை இணையத்தோடு சேர்க்கும் பெட்டிக்கு மோடம் என்று பெயர். அது கீச்சென்று கத்தி முடித்தால் லைன் கிடைத்தது என்று அர்த்தம். கரண்ட் போனால் எல்லாம் போச்சு.

எங்கள் பக்கம் அங்கே வந்தவர்களில் பாதிப் பேர் படிக்கிற பிள்ளைகள் இல்லை. மகன் அமெரிக்காவில், மகள் சிங்கப்பூரில் என்று இருந்த பெரியவர்கள். வேட்டி மடிப்பிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்து, சென்டர் பையனிடம் சொல்லிச் சொல்லி டைப் அடிக்க வைப்பார்கள்.

"எல்லாரும் சுகம்னு போடுப்பா. பெரிய வீட்டுப் பங்கு விஷயம் இன்னும் முடியலைன்னு போடு."

"ஐயா, 'பெரிய வீட்டுப் பங்கு'ன்னே போட்டுரவா? இங்கிலீஷ் எழுத்துலதான் வரும்."

"அப்படியே போடு. அவனுக்குப் புரியும்."

அடுத்த வாரம் வந்து பதிலைப் பிரிண்ட் எடுத்து, நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார்கள்.

அந்த உரையாடலில் ஒரு விஷயம் ஒளிந்திருக்கிறது: தமிழில் எழுத முடியவில்லை. எழுத்துரு இருந்தது. ஆனால் ஒவ்வொருவருக்கும் ஒன்று இருந்தது. ஒரு பத்திரிகையின் தளத்தைப் படிக்க அவர்களுடைய எழுத்துருவை இறக்க வேண்டும். அடுத்த பத்திரிகைக்கு வேறொன்று. இல்லையென்றால் திரை முழுக்கக் கோணல் கோணலாக என்னவோ தெரியும். இதற்கு வழி கண்டவர்கள் பெரும்பாலும் சொந்த நேரத்தில், காசு வாங்காமல் உழைத்தவர்கள். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி, மலேசியாவில் முத்து நெடுமாறன், சுவிட்சர்லாந்தில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கு. கல்யாணசுந்தரம் போன்றவர்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணையம் 99 மாநாட்டில் விசைப்பலகைக்கும் எழுத்துக் குறியீட்டுக்கும் பொது முறை பேசி முடிவானது. இணையத்தில் இருந்தவர்கள் தங்களுக்குள் விவாதித்தே டிஸ்கி என்ற இன்னொரு முறையை உருவாக்கினார்கள். பிறகு எல்லா மொழி எழுத்துக்கும் பொதுக் குறியீடான யூனிகோட் பரவி இந்தச் சண்டையெல்லாம் அடங்கியது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் திருக்குறளில் ஆரம்பித்து நூற்றுக்கணக்கான பழைய நூல்களை ஏற்றியது. மரத்தடி, ராயர் காப்பி கிளப் என்று மின்னஞ்சலில் கூடிப் பேசும் யாஹூ குழுக்களில் ராத்திரி பகலாகச் சண்டை போட்டார்கள். 2003இல் தமிழ் விக்கிப்பீடியா, 2004இல் வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் திரட்டிக் காட்டிய தமிழ்மணம். வலைப்பதிவு எழுதியவர்கள் பெரும்பாலும் ஒருவரையொருவர் பெயர் சொல்லித் தெரிந்து வைத்திருந்த காலம் அது.

ஏக்கம் வருவதற்குக் காரணம் இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தைத் தேனும் பாலும் ஓடிய காலமாகச் சொன்னால் அது பொய். பிரவுசிங் சென்டருக்குப் பெண்பிள்ளை போனால் ஊர் பேசியது. வீட்டில் இணைப்பு வைத்துக்கொள்ளப் போன் பில்லைப் பார்த்துப் பயப்படாத மனசு வேண்டும். அரசாங்கக் கெடுபிடியும் அப்போதே இருந்தது. இணையம் வழியாக வெளிநாட்டுக்குப் போன் பேசினால் ஐஎஸ்டி வருமானம் போய்விடும் என்று அது தடுக்கப்பட்டிருந்தது. 2002 ஏப்ரலில்தான் அனுமதி வந்தது. மகன் குரலைக் கேட்கக் காசை எண்ணிக்கொண்டு எஸ்டிடி பூத்தில் நின்ற ஊர் இது. அந்தத் தடை எத்தனை வீட்டைத் தொட்டிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இத்தனை குறையிலும் அந்த இணையத்தின் கட்டுமானம் வேறு மாதிரி இருந்தது. அந்தக் கட்டுமானத்தைப் புரிந்துகொள்ள நம்ம ஊர்ப் பெட்டகத்திலேயே ஒரு உதாரணம் இருக்கிறது.

வழக்கம் பொது, கடை தனி

நகரத்தார் என்கிற நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் கொண்டுவிற்க, அதாவது கடல் கடந்து வட்டிக்கடை நடத்த, போன காலத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ரங்கூனில் கடை, பினாங்கில் கடை, கொழும்பில் கடை. ஒவ்வொன்றுக்கும் முதலாளி வேறு, விலாசம் வேறு, பேரேடு வேறு. சிங்கப்பூரில் கிட்டங்கி என்ற பொதுக் கட்டடத்தில் ஒரே கூடத்தில் பல கடைக்காரர்கள் ஆளுக்கொரு பெட்டியோடு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கொருவர் போட்டியாளர்கள்தான். ஆனாலும் ரங்கூனில் ஒரு கடையில் பணம் கட்டி உண்டியல் வாங்கினால் அது இங்கே செட்டிநாட்டில் செல்லும். உண்டியல் என்றால் கோயிலில் காசு போடும் உண்டியல் இல்லை. ஊர் விட்டு ஊர் பணம் மாற்றும் சீட்டு. எழுதிக் கொடுத்த கடையும் பணம் கொடுக்கும் கடையும் ஒரே முதலாளியுடையதாக இருக்க வேண்டும் என்பதில்லை.

இது எப்படி நடந்தது? எல்லோரும் ஒரே வழக்கத்தை ஏற்றுக்கொண்டிருந்தார்கள். உண்டியலில் என்ன எழுத வேண்டும், எத்தனை நாளில் பணம் கொடுக்க வேண்டும், கடைகளுக்கிடையே கணக்கை எப்படி நேர் செய்வது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த முறை. நடப்பு வட்டி எவ்வளவு என்பதை ரங்கூனில் மாதாமாதம் கோயிலில் கூடி முடிவு செய்தார்கள். வழக்கத்துக்கு முதலாளி கிடையாது. ஒரு கடையோடு மனக்கசப்பு வந்தால் அடுத்த கடைக்குப் போகலாம்; உண்டியல் அங்கேயும் செல்லும்.

மின்னஞ்சல் இப்படித்தான் இயங்குகிறது. நீங்கள் ஜிமெயில் வைத்திருக்கலாம், உங்கள் தம்பி கல்லூரி முகவரி வைத்திருக்கலாம், பழைய ரெடிஃப்மெயிலை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் மாமா ஒருவரும் இருக்கலாம். மூன்று பேரும் ஒருவருக்கொருவர் கடிதம் அனுப்பலாம். யாரும் யாருடைய கம்பெனிக்கும் மாற வேண்டாம். கடிதத்தை ஒரு கணினி இன்னொன்றிடம் எப்படி ஒப்படைக்க வேண்டும் என்ற விதி 1982இல் எழுதப்பட்டது. எஸ்எம்டிபி என்று அதற்குப் பெயர். யார் வேண்டுமானாலும் அதைப் படித்து, அதன்படி ஒரு அஞ்சல் சேவை தொடங்கலாம். வாடகை கிடையாது, அனுமதி வேண்டாம்.

வலைத்தளங்களும் அதே கதை. டிம் பெர்னர்ஸ்-லீ 1989இல் ஜெனீவா பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் வேலை பார்த்தபோது இந்த யோசனையை முன்வைத்தார். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அதை உலகத்துக்கே பொதுச்சொத்தாக விட்டுக் கொடுத்தது. அதனால்தான் யாரும் யாரையும் கேட்காமல் தளம் தொடங்க முடிந்தது, மதுரைத் திட்டம் உட்பட.

இப்படி எல்லோரும் ஏற்றுக்கொண்ட பொது விதிக்குக் கணினித் துறையில் புரோட்டோகால் என்று பெயர். தமிழில் நெறிமுறை என்கிறார்கள். இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருப்பது பிளாட்ஃபாரம்: விதியும் கடையும் ஒரே முதலாளி கையில். ரங்கூன், பினாங்கு, கொழும்பு எல்லாக் கடையையும் ஒரே ஆள் வாங்கிவிட்டு, "என் உண்டியல் என் கடையில் மட்டும்தான் செல்லும், வட்டியையும் நானே சொல்வேன்" என்றால் எப்படி இருக்கும்? வாட்ஸாப்பும் ஃபேஸ்புக்கும் இன்ஸ்டாகிராமும் அதுதான். வாட்ஸாப்பிலிருந்து டெலிகிராமுக்குச் செய்தி அனுப்ப முடியாது. தொழில்நுட்பத்தால் முடியாததில்லை, முதலாளிக்கு விருப்பமில்லை.

உண்டியல் உதாரணம் எங்கே உதவாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். நகரத்தார் வழக்கம் அவர்களுக்குள் மட்டும். வெளியாள் கடன் வாங்கலாம், கடை போட முடியாது. மின்னஞ்சல் விதியை எவரும் எடுத்துக்கொள்ளலாம். இன்னொன்று: கடைகளுக்குள் சமத்துவம் இருந்ததாலேயே கடன் வாங்கியவருக்கு நல்லது நடந்துவிடவில்லை. 1930களின் பொருளாதார மந்தத்தில் விவசாயிகள் கடனை அடைக்க முடியாமல் போக, கீழ் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்து சேர்ந்தது. பர்மிய விவசாயிக்கு அது எப்படித் தெரிந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பொது விதி நல்ல விஷயம்தான். அது மட்டும் நியாயத்தைக் கொண்டுவந்துவிடாது.

கதவு எப்படிச் சாத்தப்பட்டது

ஒரு நாளில் யாரும் சாத்தவில்லை. நாமும் கூடவே நின்று கைகொடுத்தோம்.

கூகுள் டாக் கதையைச் சொன்னால் புரியும். 2005இல் வந்த அந்த அரட்டைச் செயலி எக்ஸ்எம்பிபி என்ற பொது விதியில் ஓடியது. அடுத்த வருடமே வேறு கம்பெனிகளின் அரட்டைச் சேவைகளில் இருப்பவர்களோடும் பேச வழி திறந்தார்கள். ஊரெல்லாம் பாராட்டியது. ஜனங்கள் வந்து சேர்ந்தார்கள். 2013இல் ஹேங்அவுட்ஸ் என்ற புதிய செயலிக்கு மாறும்போது அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அதற்குள் நண்பர்கள் எல்லாம் உள்ளே. வெளியே நின்றவர்களுக்குத்தான் நட்டம். அதே ஆண்டு ஜூலை 1 அன்று கூகுள் ரீடரையும் மூடினார்கள். பல வலைப்பதிவுகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கருவி அது. தமிழ் வலைப்பதிவுகள் அடங்கிப் போனதற்கு இது ஒன்றே காரணம் இல்லை. எழுதியவர்கள் ஏற்கெனவே ஃபேஸ்புக்குக்குக் குடிபோய்க்கொண்டிருந்தார்கள். லைக் உடனே விழுந்தது.

இதற்குப் பின்னால் உள்ள விசையை நெட்வொர்க் விளைவு என்கிறார்கள். ஒரு இடத்தில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அந்த அளவுக்கு அந்த இடத்துக்கு மதிப்பு. கோயில் கமிட்டி குரூப், பங்காளி குரூப், பள்ளிக்கூடப் பெற்றோர் குரூப் மூன்றும் வாட்ஸாப்பில் இருக்கும்போது நான் மட்டும் வேறு செயலியில் கொள்கையோடு உட்கார்ந்திருந்தால் குடமுழுக்குத் தேதிகூட எனக்குத் தெரியாது. செயலி பிடிக்கிறதா என்ற கேள்விக்கே அங்கே இடமில்லை.

போட்டியாக வளர்ந்து வந்தவர்களை வாங்கிவிடுவது அடுத்த வழி. 2006இல் யூடியூபை கூகுள் 165 கோடி டாலருக்கு வாங்கியது. 2012இல் இன்ஸ்டாகிராமை ஃபேஸ்புக் 100 கோடி டாலருக்கு. 2014இல் வாட்ஸாப்பை வாங்க அறிவித்த விலை 1,900 கோடி டாலர். தேடல் துறையில் இன்னொரு விதம்: போனிலும் பிரவுசரிலும் முதலில் தெரியும் தேடல் தளமாக இருப்பதற்காக 2021இல் மட்டும் கூகுள் 2,630 கோடி டாலர் கொடுத்தது என்று அமெரிக்க நீதிமன்ற விசாரணையில் வெளிவந்தது. கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று அந்த வழக்கில் 2024 ஆகஸ்டில் தீர்ப்பானது.

2021 அக்டோபர் 4 அன்று என்ன நடந்தது என்பது பலருக்கு நினைவிருக்கும். ஃபேஸ்புக்கின் உள் அமைப்பில் ஒரு பிசகு. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸாப் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் உலகம் முழுக்கப் படுத்துவிட்டன. மூன்று பெயர், மூன்று நிறம், ஒரே மெயின் சுவிட்ச். அன்று மின்னஞ்சல் வழக்கம்போல் போய்க்கொண்டிருந்தது.

இதெல்லாம் ஏதோ உலக விவகாரம் என்று தோன்றினால், பள்ளத்தூர்ப் பக்கம் பலகாரம் போட்டு விற்கும் ஒரு ஆச்சியின் கதையைக் கேளுங்கள். மனகோலம், சீப்புச் சீடை, மாவுருண்டை. மகள் எடுத்துப் போட்ட வீடியோக்கள் ஒரு செயலியில் நன்றாக ஓடின. ஆரம்பத்தில் எதைப் போட்டாலும் பின்தொடர்ந்த எல்லோருக்கும் போனது. சென்னையிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் ஆர்டர் வந்தது. பிறகு மெல்லப் பார்வை குறைந்தது. காசு கட்டி விளம்பரம் போட்டால் பழையபடி போகும் என்று செயலியே வழி சொன்னது. கட்டினார். அப்புறம் ஒரு தீபாவளிக்கு முன்னால், ஆர்டர் குவிகிற நேரம் பார்த்துப் பக்கமே முடங்கியது. விதிமீறல் என்று ஒரு வரி. எந்த விதி, எந்த வீடியோ என்று இல்லை. முறையிட்டால் இயந்திரம் பதில் சொல்கிறது. வாடிக்கையாளர்களின் பெயரும் பேச்சும் எல்லாம் அதற்குள்ளேயே மாட்டிக்கொண்டுவிட்டது.

"கடையைப் பூட்டுறதுன்னா வீட்டுக்காரரு வந்து ஒரு வார்த்தை சொல்லுவாரு தம்பி. இங்க யாரைப் போய்க் கேக்குறது?" என்றார் என்னிடம்.

தீபாவளி முடிந்து பக்கம் தானாகத் திரும்பி வந்தது. ஏன் போனது, ஏன் வந்தது என்று இன்றுவரை யாரும் சொல்லவில்லை. முதலில் வாடிக்கையாளருக்குச் சலுகை, அடுத்து விளம்பரக்காரருக்குச் சலுகை, இரு தரப்பும் நகர முடியாதபடி ஆனதும் லாபம் முழுக்க முதலாளிக்கு. பிளாட்ஃபாரங்கள் பெரும்பாலும் நடக்கிற பாதை இது. கெட்ட மனிதர்கள் உட்கார்ந்து திட்டம் போட வேண்டிய அவசியமே இல்லை. போக வழி இல்லாத வாடிக்கையாளரிடம் எந்த வியாபாரியும் கடைசியில் இப்படித்தான் நடந்துகொள்வார்.

அரசாங்கத்துக்கு ஏன் இது வசதி

ஆயிரம் சின்னக் கடை இருந்தால் அரசு ஆயிரம் பேரிடம் போய்ப் பேச வேண்டும். நாலு பெரிய கடை என்றால் நாலு கடிதம் போதும். கம்பெனி அதிகாரத்தையும் அரசியல் அதிகாரத்தையும் இணைக்கிற கண்ணி இதுதான்.

நம்ம ஊருக்குப் பக்கத்திலேயே சாட்சி இருக்கிறது. 2019 ஏப்ரல் 3 அன்று சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, டிக்டாக் செயலியைப் பதிவிறக்கத் தடை விதிக்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. இரண்டே இரண்டு இடங்களில், கூகுளின் கடையிலும் ஆப்பிளின் கடையிலும், செயலியை எடுத்தார்கள். நாடு முழுக்க அது கிடைக்கவில்லை. ஏப்ரல் 24 அன்று தடை நீங்கியது, செயலி திரும்பியது. அடுத்த ஆண்டு ஜூன் 29 அன்று மத்திய அரசு அதையும் சேர்த்து 59 செயலிகளைத் தடை செய்தது. டிக்டாக்கில் ஆடிப் பாடி ஊருக்குள் பெயர் வாங்கிய எத்தனையோ பேரின் வீடியோக்கள் ஒரே ராத்திரியில் காணாமல் போயின. அந்தச் செயலியைப் பற்றி எனக்குப் பெரிய மரியாதை இல்லை. ஆனால் ஒருவரின் இரண்டு வருட உழைப்பை எடுத்துக்கொண்டு இன்னொரு இடத்துக்குப் போக வழி இல்லாமல் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

செயலியை மட்டுமில்லை, கம்பியையே நிறுத்தவும் முடியும். 2018 மே மாதம் தூத்துக்குடித் துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் இணையத்தை நிறுத்த அரசு உத்தரவிட்டது. அதற்கு ஒரு வருடம் முன்பு, 2017 ஜனவரியில், இதே இணையத்தில் செய்தி பரவித்தான் மெரினாவிலும் மதுரையிலும் ஜல்லிக்கட்டுக்காகக் கூட்டம் திரண்டது. சிராவயல் மஞ்சுவிரட்டைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எல்லாம் போனில் சேதி பார்த்துவிட்டுக் கிளம்பினார்கள். ஆள் திரட்டவும் அதே கருவி, அடக்கவும் அதே கருவி.

சட்டத்தின் பக்கம் வந்தால், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவைச் சொல்லியாக வேண்டும். எரிச்சலூட்டும் செய்தி அனுப்பினாலே கைது செய்யலாம் என்கிற அளவுக்கு அகலமான பிரிவு அது. 2012 அக்டோபரில் புதுச்சேரியில் ஒரு சிறு வியாபாரி, அன்றைய மத்திய நிதியமைச்சரின் மகனைப் பற்றி ட்வீட் போட்டதற்காக அந்தப் பிரிவில் கைதானார். அமைச்சர் அப்போது நம்ம சிவகங்கைத் தொகுதி எம்.பி. என்பதால் இங்கே டீக்கடைகளில் அது பெரிய பேச்சு. 2015 மார்ச் 24 அன்று உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவையே செல்லாது என்றது. 69ஏ பிரிவு இன்னும் இருக்கிறது. அதன்படி ஒரு பதிவையோ தளத்தையோ முடக்கச் சொல்லும் அரசு உத்தரவு ரகசியமாகவே வைக்கப்படும். 2021இல் வந்த விதிகள், நீதிமன்றமோ அரசோ சொன்னால் 36 மணி நேரத்துக்குள் பதிவை நீக்கச் சொல்லின. ஒரு செய்தியை முதலில் அனுப்பியவர் யார் என்று காட்டிக்கொடுக்கவும் சொல்லின. அதை எதிர்த்து வாட்ஸாப் தில்லி உயர்நீதிமன்றத்துக்குப் போனது. இதில் யார் பக்கம் நிற்பது என்று நாம் யோசிக்க வேண்டியிருப்பதே விசித்திரம். நம் ரகசியத்துக்காக வாதாட நாம் தேர்ந்தெடுக்காத ஒரு கம்பெனி, எதிர்த்தரப்பில் நாம் தேர்ந்தெடுத்த அரசு.

எல்லா நேரமும் அரசு கெட்டது செய்யவில்லை என்பதும் உண்மை. சில தளங்கள் மட்டும் இலவசம் என்று ஃபேஸ்புக் கொண்டுவந்த ஃப்ரீ பேசிக்ஸ் திட்டத்துக்கு எதிராக லட்சக்கணக்கானோர் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு எழுதினார்கள். 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் அப்படிப்பட்ட பாரபட்சக் கட்டணத்தையே தடை செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்தது. ஆடு மேய்க்கிறவர் கையிலும் இணையம் வந்தது. அவருக்குத் தெரிந்த இணையம் மூன்று நான்கு செயலிகள்தான். பழைய இணையத்துக்காக ஏங்குகிறவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் அடக்கமாக இருக்க வேண்டும்: அவர்களுடைய திறந்த இணையத்துக்குள் இவரை யாரும் கூப்பிடவே இல்லை.

வாசலைத் திறந்து வைக்கும் வழிகள்

இப்போது கடைத்தெருவுக்குப் போய்க் காய் வாங்குங்கள். கடைக்காரரிடம் ஒரு கம்பெனியின் க்யூஆர் அட்டை இருக்கும், உங்கள் போனில் வேறு கம்பெனியின் செயலி இருக்கும். பணம் போய்விடும். 2016இல் தொடங்கிய யுபிஐ ஒரு பொது விதி என்பதால்தான் இது நடக்கிறது. பணத்தில் முடிகிற விஷயம் செய்தியில் முடியாதா என்று யாராவது கேட்டால், முடியும். ஆனால் இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. விதி பொதுவாக இருந்தும் பரிவர்த்தனைகளில் சுமார் 80 சதவீதம் ஃபோன்பே, கூகுள் பே இரண்டின் வழியாகவே நடக்கிறது. எந்தச் செயலிக்கும் 30 சதவீதத்துக்கு மேல் கூடாது என்று 2020இல் ஒரு உச்சவரம்பு அறிவித்தார்கள். கெடு தள்ளித் தள்ளி 2026 கடைசிவரை போயிருக்கிறது.

போன் நம்பரை மாற்றாமல் கம்பெனியை மாற்றும் வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்தது. கம்பெனிகள் மனமிரங்கிக் கொடுத்ததில்லை, டிராய் விதி போட்டு வாங்கியது. ஐரோப்பிய ஒன்றியம் 2022இல் கொண்டுவந்த சட்டமும் இதே வகை. வாட்ஸாப் மாதிரி பெரிய செயலிகள், கேட்கிற மற்றச் செயலிகளோடு பேச வழிவிட வேண்டும் என்கிறது. ட்விட்டர் மாதிரியான மாஸ்டடான் போன்றவை இன்னொரு பாதையில் போகின்றன: பல பேர் நடத்தும் பல சின்னத் தளங்கள், ஆக்டிவிட்டிபப் என்ற பொது விதியால் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. தமிழ் ஆட்கள் அங்கே குறைவு. நெட்வொர்க் விளைவு என்று முன்னே சொன்னேனே, அதேதான் காரணம்.

மின்னஞ்சலிலும் எல்லாம் சரியாக இல்லை. விதி இன்னும் பொதுதான். ஆனால் சொந்தமாக ஒரு அஞ்சல் சேவை நடத்திப் பாருங்கள், உங்கள் கடிதம் பெரிய கம்பெனிகளின் குப்பைப் பெட்டியில் போய் விழும். கதவு திறந்திருக்கிறது, வாசலில் ஒரு காவலாளி நிற்கிறார்.

சேமிப்பு விஷயம் தனி. 1999இல் யாஹூ ஜியோசிட்டீஸை வாங்கியது. லட்சக்கணக்கானவர்கள் தங்கள் முதல் வலைப்பக்கத்தைக் கட்டிய இடம் அது. 2009 அக்டோபரில் மூடிவிட்டார்கள். பிறகு யாஹூ குழுக்களும் போயின. தமிழில் நடந்த எத்தனையோ விவாதங்கள் அவற்றோடு சேர்ந்து போய்விட்டன. தன்னார்வலர்கள் அள்ளி வைத்தது மட்டும் மிச்சம். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்ற ஓவியர் வாழ்நாள் முழுக்கத் தேடித் தேடிச் சேர்த்த நூல்களும் இதழ்களும் நாடக நோட்டீசுகளும் கிட்டத்தட்ட ஒரு லட்சம். அவர் காலமான பிறகு 1994இல் சிகாகோ பல்கலைக்கழகம் அவற்றை வாங்கி, சென்னையில் நூலகமாக வைத்தது. காகிதம் என்பதால் ஒரு தனிமனிதர் வீட்டில் அடுக்கி வைக்க முடிந்தது. நாம் ஃபேஸ்புக்கில் பத்து வருடமாக எழுதியதை யார் வீட்டில் அடுக்குவது? குறைந்தபட்சம், கணக்கு அமைப்புகளில் "உங்கள் தகவலைப் பதிவிறக்கு" என்று ஒரு இடம் இருக்கும். வருடத்துக்கு ஒருமுறை அதை அழுத்தி எடுத்து வைத்துக்கொள்ளலாம். பெரிய செயலிகள் பலவற்றில் உண்டு.

பலகார ஆச்சிக்கு நான் சொன்னது இரண்டு காரியம். ஆர்டர் கொடுக்கிறவர்களின் போன் நம்பரையும் மின்னஞ்சலையும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொன்னேன். சொந்தமாக ஒரு டொமைன் பெயர், அதாவது தன் பெயரிலேயே ஒரு இணைய முகவரி, வாங்கச் சொன்னேன். வருடத்துக்குச் சில நூறு ரூபாயில் கிடைத்துவிடும், '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் பெயர்கூடக் கிடைக்கிறது. அதுவும் வாடகைதான், பணம் கட்டாவிட்டால் போய்விடும். நீதிமன்றம் சொன்னால் பறிக்கவும் முடியும். ஆனால் பின்னால் தளத்தை வைத்திருக்கும் கம்பெனியை எத்தனை முறை மாற்றினாலும் பெயர் அதேதான். "சொந்தக் கடை" என்று பெயர்ப்பலகை எழுதுகிற குஷியில் மருமகனை உட்கார வைத்து வாங்கிவிட்டார்.

ஆர்டர் இன்னும் பெரும்பாலும் வாட்ஸாப்பில்தான் வருகிறது. அதை விடச் சொல்லி நான் கேட்கவில்லை. கூட்டம் இருக்கிற தெருவில்தானே கடை போட முடியும். நோட்டு இப்போது இரண்டாவதுக்கு வந்திருக்கிறது. அதை மாதாமாதம் கம்ப்யூட்டரில் ஏற்றுவது மருமகன் வேலை.